கைப்பேசிக்குத் தெரியாத முகவரி

மேசைமேல் வைத்துவிட்டு யாருமே தொடாத ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஒரு நாளில் எத்தனை முறை வெளியே பேசும்? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஷ்மிட் 2018-இல் இதை அளந்து பார்த்தார். பின்னணியில் குரோம் உலாவி ஓடிக்கொண்டிருந்தது; கருவி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனாலும் 24 மணி நேரத்தில் இருப்பிடம் சார்ந்த தகவலை அது 340 முறை கூகுளுக்கு அனுப்பியிருந்தது. 2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத், ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் சேர்த்து ஆராய்ந்தார். சும்மா கிடந்த நேரத்திலும் இரண்டுமே சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை தத்தம் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொண்டன. தகவல் பகிர்வு வேண்டாம் என்று அமைப்புகளில் அணைத்த பிறகும் அது நிற்கவில்லை. இந்த ஆய்வுகள் அளந்த முறையைக் கூகுள் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கைப்பேசி ஓயாமல் பேசுகிறது என்பதில் இன்று பெரிய விவாதம் இல்லை.

இந்தக் கருவிக்குள்தான் நம் மின்னஞ்சலும் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவு, வங்கிக் கணக்கு விவரம், வேறு வேலை தேடி அனுப்பிய விண்ணப்பம், வழக்கறிஞரிடம் கேட்ட ஆலோசனை என்று எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்கான இணைப்பும் அங்கேதான் வரும். இவற்றில் ஒரு பகுதியையாவது கைப்பேசியின் கண்காணிப்புக்கு வெளியே வைக்க விரும்புவது நியாயமான ஆசை. அதற்குப் பாதுகாப்பான சேவை ஒன்றில் புதுக் கணக்குத் திறந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடிவதில்லை. ஒரு கணக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதைவிட, அது எவற்றோடு இணைந்திருக்கிறது என்பதே அதன் அந்தரங்கத்தைத் தீர்மானிக்கிறது.

அழியும் எண், அழியாத முகவரி

கைப்பேசியில் உள்ள செயலிகளை வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்குகின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் துண்டு சேர்க்கப்பட்டிருக்கும். வானிலைச் செயலியும் விளையாட்டும் செய்திச் செயலியும் தனித்தனியே அனுப்பும் தகவல்கள் ஒரே ஆளுடையவை என்று அந்த நிறுவனம் தெரிந்துகொள்ள ஒரு பொது அடையாளம் வேண்டும். அதுதான் விளம்பர அடையாள எண். ஆப்பிள் 2012-இலும் கூகுள் 2013-இலும் இதைக் கொண்டுவந்தன. எண்களும் எழுத்துகளுமாக 32 குறிகள். பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் இல்லை. ஆனால் கருவியில் உள்ள செயலிகளுக்கெல்லாம் அதே எண் கிடைத்ததால், ஒருவர் எங்கே போனார், எதைப் படித்தார், எப்போது தூங்கினார் என்பதையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்க முடிந்தது.

எதிர்ப்பு வலுத்த பிறகு இந்த எண்ணுக்குக் கடிவாளம் போடப்பட்டது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், அதைப் பெற விரும்பும் செயலி ஒவ்வொன்றும் பயனரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்டாக வேண்டும். ஆண்ட்ராய்டிலும் இப்போது அந்த எண்ணை அடியோடு நீக்கிவிடலாம். அதன் பிறகு கேட்கும் செயலிகளுக்கு வெறும் சுழியங்களே கிடைக்கும்.

இந்த எண்ணின் பிடி தளரத் தளர, விளம்பரத் துறை மின்னஞ்சல் முகவரியை இறுகப் பற்றிக்கொண்டது. காரணம் எளிது. புதுக் கைப்பேசி வாங்கினால் விளம்பர எண் மாறிவிடும். முகவரியோ பத்து, பதினைந்து ஆண்டுகள் அப்படியே இருக்கும். கைப்பேசி, மடிக்கணினி, ஜவுளிக்கடை பில் கவுண்டர், ரயில் முன்பதிவு, பள்ளி விண்ணப்பம் என்று எல்லா இடத்திலும் நாம் அதையேதான் எழுதுகிறோம். உதிரிப் பூக்களாகக் கிடக்கும் தகவல்களை மாலையாகக் கட்டும் நார் அதுதான்.

அந்த நார் எப்படிக் கட்டுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு கடை தன் வாடிக்கையாளர்களின் முகவரிகளை அப்படியே விளம்பர நிறுவனத்திடம் கொடுப்பதில்லை. முதலில் முகவரியில் உள்ள இடைவெளிகளை நீக்கி, எழுத்துகளை எல்லாம் சிறிய எழுத்தாக்குகிறது. பிறகு அதை ஷா-256 என்ற கணித முறைக்குள் செலுத்துகிறது. வெளியே வருவது 64 குறிகள் கொண்ட ஒரு சரம். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் சரம் முழுவதும் வேறாகிவிடும். சரத்தை வைத்துக்கொண்டு முகவரியைத் திருப்பிக் கணக்கிடவும் வழியில்லை. கேட்பதற்குப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரே முகவரியை உலகின் எந்த மூலையில் யார் கணக்கிட்டாலும் அதே 64 குறிகள்தான் வரும். விளம்பர நிறுவனம் தன்னிடம் உள்ள கோடிக்கணக்கான பயனர்களின் முகவரிகளையும் இதே முறையில் மாற்றி வைத்திருக்கிறது. இரண்டு பட்டியலிலும் ஒரே சரம் தென்பட்டால், இரண்டு பேரும் ஒருவரே. முகவரியை வாய்விட்டுச் சொல்லாமலே ஆளை அடையாளம் கண்டாயிற்று. ஃபேஸ்புக் 2012 முதலும் கூகுள் 2015 முதலும் விளம்பரதாரர்களுக்கு இந்த வசதியை அளிக்கின்றன. இப்படி மாற்றிய தகவலைப் பெயரற்றது என்று சொல்லக் கூடாது என அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் மீண்டும் எழுதியது.

கடிதத்தைத் திறந்ததும்

முகவரியைக் கொடுப்பது ஒரு வழி என்றால், வந்த கடிதத்தைத் திறப்பது இன்னொரு வழி. 1971-இல் ரே டாம்லின்சன் கணினி வலையமைப்பில் முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது அது வெறும் எழுத்து. பெற்றவர் அதைப் படித்தாரா, இல்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. பின்னாளில் வலைப்பக்கங்களைப் போலவே மின்னஞ்சலுக்கும் நிறம், படம், அமைப்பு எல்லாம் வந்தன. அதோடு கண்காணிப்பும் உள்ளே வந்தது.

கடையிலிருந்து வரும் தள்ளுபடிக் கடிதத்தில் உள்ள படங்கள் பெரும்பாலும் கடிதத்துக்குள் இருப்பதில்லை. படம் எந்தச் சர்வரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். நாம் கடிதத்தைத் திறந்ததும் கைப்பேசி அந்தச் சர்வருக்குப் போய்ப் படத்தைக் கேட்கிறது. அந்தப் படங்களில் ஒன்று நீளமும் அகலமும் ஒரே ஒரு புள்ளியாக, நிறமே இல்லாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் இணைப்பில் நமக்கு மட்டுமே உரிய ஒரு குறியெண் பொதிந்திருக்கும். கைப்பேசி அதைக் கேட்ட மறுகணமே, இன்னார், இத்தனை மணிக்கு, இந்த வகைக் கருவியில், இந்த ஐபி முகவரியிலிருந்து கடிதத்தைத் திறந்தார் என்று சர்வரில் பதிவாகிவிடும். ஐபி முகவரியிலிருந்து ஊரைத் தோராயமாகக் கணித்துவிடலாம். இரவில் மறுபடி திறந்தால் அதுவும் பதிவாகும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் திரட்டிய வணிகக் கடிதங்களில் ஏறத்தாழ 29 விழுக்காடு, திறந்த உடனேயே பெற்றவரின் முகவரியை மூன்றாம் நிறுவனம் ஒன்றுக்காவது கசியவிட்டதைக் கண்டார்கள். பல நேரங்களில் அது மேலே சொன்ன சரத்தின் வடிவில் போனது. அதாவது கடிதம் அனுப்பிய கடைக்கு மட்டுமல்லாமல், நமக்குப் பெயரே தெரியாத இடைத்தரகருக்கும் செய்தி போகிறது.

தடுப்பும் உண்டு. ஜிமெயில் 2013 இறுதி முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகவே தருவதால் நம் ஐபி முகவரி அனுப்பியவருக்குத் தெரிவதில்லை. ஆனால் கடிதத்தைத் திறந்தோம் என்பது தெரிந்துவிடலாம். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பாதுகாப்பு, நாம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அந்தப் பதிவுக்குப் பொருளில்லாமல் போகிறது. எல்லாவற்றையும்விட உறுதியான வழி, வெளிப்படங்களைத் தானாக இறக்க வேண்டாம் என்று அஞ்சல் செயலியில் குறித்துவிடுவது. கடிதங்களின் அழகு குறையும். எழுத்து அப்படியே இருக்கும்.

பூட்டு எதைக் காக்கிறது

எட்வர்ட் ஸ்னோடென் 2013-இல் அமெரிக்க அரசின் கண்காணிப்பை வெளிப்படுத்திய பிறகு, குறியாக்கம் செய்த அஞ்சல் சேவைகளின்மேல் உலகின் கவனம் திரும்பியது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் சந்தித்துக்கொண்டவர்கள் 2014-இல் புரோட்டான் மெயிலைத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் ஹனோவரில் டூட்டா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. இவற்றில் பெட்டியில் சேமித்த கடிதத்தின் உள்ளடக்கத்தை நிறுவனமே திறந்து படிக்க முடியாது. விளம்பரத்தில் பிழைக்காத நிறுவனங்கள் என்பதால், நம் பழக்கவழக்கத்தைத் தொகுத்து விற்க வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை.

இந்தப் பூட்டின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது கடிதத்தைக் கொண்டுசேர்க்கத் தேவையான தகவல். சாதாரண மின்னஞ்சலில் அதை மறைக்க இயலாது. புரோட்டானில் பொருள் வரியும் முழுக் குறியாக்கத்துக்குள் வருவதில்லை, டூட்டாவில் வருகிறது. எதிர்முனையில் இருப்பவர் ஜிமெயில் வைத்திருந்தால், நாம் அனுப்பிய கடிதத்தின் ஒரு படி கூகுளிடம் இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் பெஞ்சமின் மாகோ ஹில் பல ஆண்டுகளாகத் தன் சொந்தச் சர்வரிலேயே அஞ்சல் வைத்திருந்தவர். 2014-இல் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அவருடைய தனிப்பட்ட கடிதங்களில் ஏறத்தாழ பாதி கூகுளிடம் இருந்தது. அவர் எழுதியவர்களும் அவருக்கு எழுதியவர்களும் அங்கே இருந்ததுதான் காரணம்.

பூட்டைவிட இணைப்பே பெரிது என்பதற்கு 2024-இல் ஸ்பெயினில் வெளிவந்த ஒரு வழக்கு நல்ல சான்று. கட்டலோனியப் போராட்டக் குழுவோடு தொடர்புடையவர் என்று காவல்துறை சந்தேகித்த ஒருவர், புனைபெயரில் புரோட்டான் கணக்கு வைத்திருந்தார். ஸ்பெயின் காவல்துறையின் கோரிக்கை சுவிட்சர்லாந்து அதிகாரிகள் வழியாகப் புரோட்டானை அடைந்தது. கடிதங்களைக் கொடுக்க நிறுவனத்தால் முடியவில்லை. அவை குறியாக்கத்தில் இருந்தன. ஆனால் கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்காக அவர் கொடுத்து வைத்திருந்த இன்னொரு முகவரி நிறுவனத்திடம் இருந்தது. அதைக் கொடுத்தது. அது ஆப்பிள் கணக்கின் முகவரி. காவல்துறை ஆப்பிளிடம் கேட்டது. ஆளின் அடையாளம் கிடைத்தது. குறியாக்கம் எங்கும் உடையவில்லை. மீட்பு முகவரி என்ற ஒரே ஒரு கட்டம் புனைபெயரையும் கைப்பேசிக் கணக்கையும் இணைத்திருந்தது. சட்டத்தின் கேள்விக்கு எந்த நிறுவனமும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதிலிருந்து தப்புவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. அதே கட்டத்தை நிரப்பித்தான் நாமும் நம் கணக்குகளைச் சத்தமில்லாமல் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறோம் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

தொலைபேசி எண்ணும் அப்படித்தான். பாதுகாப்புக்காக என்று பயனர்கள் கொடுத்த எண்களையும் முகவரிகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022-இல் 15 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அடையாளச் சான்று இல்லாமல் சிம் வாங்க முடியாது. எண்ணைக் கொடுப்பது ஏறத்தாழ பெயரையே கொடுப்பதற்குச் சமம்.

கைப்பேசி தொடும் இடங்கள்

இப்படி எந்த இணைப்பும் இல்லாமல் ஒரு கணக்கைத் திறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கைப்பேசிக்குள் கொண்டுவரும்போது என்ன நடக்கிறது?

முதல் இடம் அஞ்சல் செயலி. கைப்பேசியோடு வரும் செயலியிலேயே வேறு நிறுவனக் கணக்கையும் சேர்க்கலாம் என்பது வசதியாகத் தெரியும். ஆனால் சில செயலிகள் நம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தங்கள் சர்வருக்கு எடுத்துச்சென்று, அங்கிருந்தே அஞ்சலை இறக்கி, பிறகு நமக்குக் காட்டுகின்றன. நேரடியாக வர வேண்டிய கடிதம் இடையில் ஒரு நிறுவனத்தில் தங்கி வருகிறது.

இரண்டாம் இடம் அறிவிப்பு. 'புதிய மின்னஞ்சல்' என்று திரையில் எட்டிப்பார்க்கும் வரி, பொதுவாக அஞ்சல் நிறுவனத்திலிருந்து நேராக வருவதில்லை. ஆண்ட்ராய்டில் கூகுளின் சர்வர் வழியாகவும் ஐபோனில் ஆப்பிளின் சர்வர் வழியாகவும்தான் வரும். எந்தச் செயலிக்கு, எந்தக் கருவிக்கு, எத்தனை மணிக்கு அறிவிப்புப் போனது என்பது அந்தச் சர்வருக்குத் தெரியும். வெளிநாட்டு அரசுகள் இந்தப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவதாக அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் எழுதிய கடிதத்துக்குப் பிறகே பொதுமக்களுக்கு இது தெரியவந்தது. டூட்டா போன்ற சில செயலிகள் கூகுளின் வழியைத் தவிர்த்துத் தாமே அறிவிப்பு அனுப்புகின்றன.

மூன்றாம் இடம் தொடர்புப் பட்டியல். இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பாத் என்ற சமூகச் செயலி பயனரைக் கேட்காமலே முழு முகவரிப் புத்தகத்தையும் தன் சர்வருக்கு ஏற்றியது 2012-இல் அம்பலமாகிப் பெரும் பரபரப்பானது. இன்று செயலிகள் அனுமதி கேட்கின்றன. நாமும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம். நாம் கொடுக்காவிட்டாலும், நம் அந்தரங்க முகவரியை ஒரு நண்பர் தன் கைப்பேசியில் நம் பெயருக்கும் எண்ணுக்கும் கீழே சேமித்து வைத்தால் போதும். அவருடைய செயலிகள் அந்த மூன்றையும் ஒரே வரியில் ஏற்றிவிடும். நாம் கட்டாத முடிச்சை இன்னொருவர் கட்டிவிடுகிறார்.

செய்யக்கூடியவை

கைப்பேசியைத் தூக்கிப்போடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. பணம் அனுப்புவது முதல் ஓடிபி வரை அதில்தான் நடக்கிறது. எனவே எல்லாவற்றையும் மறைக்க முயல்வதைவிட, இரண்டு முகவரிகளை இரண்டு வாழ்க்கைகளாக நடத்துவது நல்லது. கடை, செயலி, முன்பதிவு, சமூக ஊடகம் ஆகியவற்றுக்கு இப்போதுள்ள முகவரியே போதும். உடல்நலம், சட்ட ஆலோசனை, எழுத்து, நெருங்கிய உறவு போன்ற ஒரு சிறிய வட்டத்துக்கு மட்டும் புதிய முகவரி. வட்டம் சிறிதாக இருந்தால்தான் பிரிவினை தாக்குப்பிடிக்கும்.

அந்த முகவரியைக் கைப்பேசியில் சேர்க்காமலே இருப்பதுதான் உறுதியான முறை. கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியில் தனி சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, அந்த அஞ்சலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வேறு கணக்கு எதிலும் அதில் நுழையக் கூடாது. அவசரமில்லாத கடிதங்களுக்கு நாளுக்கு ஒரு முறை பார்ப்பதே தாராளம்.

கைப்பேசியிலும் வேண்டும் என்றால், அந்தச் சேவையின் சொந்தச் செயலியையோ, கே-9 மெயிலின் வழிவந்த தண்டர்பேர்டு போன்ற திறந்தமூலச் செயலியையோ பயன்படுத்தலாம். அவற்றுக்குத் தொடர்புப் பட்டியல் அனுமதி கொடுக்க வேண்டாம். அறிவிப்பில் அனுப்புநர் பெயரும் பொருளும் தெரியாதபடி வைக்கலாம், அல்லது அறிவிப்பையே அணைத்துவிடலாம். வெளிப்படங்களை நிறுத்திவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 15-இல் வந்த தனி இடம் என்ற வசதி, மற்றச் செயலிகளின் கண்ணில் படாமல் ஒரு செயலியை வைக்க உதவும். கருவியின் அடித்தளத்தில் கூகுள் இருப்பதை அது மாற்றாது. அடித்தளத்தையே மாற்ற விரும்புபவர்களுக்கு கிராஃபீன் ஓஎஸ் இருக்கிறது. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் நிறுவலாம். சில வங்கிச் செயலிகள் அதில் ஓட மறுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கட்டாயமாக முகவரி கேட்கும் கடைகளுக்கும் தளங்களுக்கும் மாற்று முகவரிச் சேவைகள் உள்ளன. ஆப்பிளின் மறைப்பு வசதி, ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் ஆகியவை ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு முகவரியை உருவாக்கிக் கொடுத்து, வரும் கடிதத்தை நம் பெட்டிக்குத் திருப்பிவிடும். தளத்துக்குத் தளம் முகவரி வேறு என்பதால் 64 குறிகளும் வேறு. பட்டியல்களை ஒப்பிட்டாலும் பொருந்தாது. நம் முகவரியிலேயே கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்க்கும் பழைய உத்தி இதற்கு ஈடாகாது. கூட்டல் குறிக்குப் பின்னுள்ளதை நீக்கிவிட்டு ஒப்பிடுவது எந்த நிரலுக்கும் எளிது.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் கொடுக்காத கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கே போய்விடும். அதனால் கணக்குத் தொடங்கும்போது சேவை தரும் மீட்புச் சொற்றொடரைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரமாக வைக்க வேண்டும். அதைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்தால் பாடுபட்டதெல்லாம் வீண்; அந்தப் படம் தானாக மேகச் சேமிப்புக்குப் போய்விடும்.

'எனக்கு மறைக்க என்ன இருக்கிறது' என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண் உதவி கேட்டு எழுதும் கடிதமும், ஊழலைக் கண்டவர் பத்திரிகையாளருக்கு எழுதும் கடிதமும், நோயாளி மனநல மருத்துவருக்கு எழுதும் கடிதமும் தவறு செய்பவர்களின் கடிதங்கள் அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல், புட்டசாமி வழக்கில், ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தகவலைத் தவறாகக் கையாளும் நிறுவனத்தைக் கேள்வி கேட்க அவை வழி செய்யும். ஆனால் மீட்பு முகவரிக் கட்டத்தில் எதை நிரப்புவது, எந்தச் செயலிக்கு எந்த அனுமதி கொடுப்பது என்பதை எந்தச் சட்டமும் நமக்காக முடிவு செய்யாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், புதுக் கணக்கு திறப்பதற்கு முன் பழைய கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மீட்பு எண், மீட்பு முகவரி, அந்தக் கணக்கைக் கொண்டு உள்நுழைந்த பிற செயலிகள் என்று ஒரு நீண்ட பட்டியல் அங்கே இருக்கும். ஒவ்வொன்றையும் ஏன் கொடுத்தோம், இன்னும் தேவையா என்று கேட்டு, தேவையில்லாதவற்றை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் புதிய கணக்கில் இடம்பெறாமல் பார்த்துக்கொண்டால், பிரிவினையின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.